கடல் ஓரசையா, ஈரசையா?

வாசகர் கேள்வி, ஜூன் 2

மகளுக்கு ஆங்கில வகுப்பில் கைதட்டி சிலபிள் பிரிக்கச் சொல்லித் தருகிறார்கள். பென்-சில் என்றால் இரண்டு தட்டு, பனானா என்றால் மூன்று தட்டு. தமிழுக்கும் தட்டிப் பார் என்று 'கடல்' என்றேன். க, டல் என்று இரண்டு தட்டினாள். எனக்குப் பள்ளியில் படித்த நிரையசை ஞாபகம் வந்தது. அதன்படி கடல் ஒரே அசை. 'கற்க' மட்டும் இரண்டு அசையாம். தட்டினால் இரண்டுக்கும் இரண்டுதானே வருகிறது? இலக்கணம் எழுதியவர்களுக்குக் காது சரியில்லையா, நாங்கள் தப்பாகத் தட்டுகிறோமா?

ஜூன் 2, இரவு

மகள் தட்டியதும் சரி, இலக்கணமும் சரி. இரண்டு பேரும் வேறு வேறு சங்கதியை எண்ணுகிறார்கள், நாம் இரண்டையும் அசை என்கிறோம். இங்கே கைதட்டி எண்ணுவதை சிலபிள் என்றே எழுதுகிறேன். யாப்பில் வருவது மட்டும் அசை.

தமிழில் சிலபிள் எண்ணுவது ரொம்பச் சுலபம். எத்தனை உயிரொலி உண்டோ அத்தனை சிலபிள். எங்கே வெட்டுவது என்பதில்கூடத் தகராறு இல்லை. உயிர்மெய் வரும் இடமெல்லாம் புதுத் தொடக்கம், புள்ளி வைத்த எழுத்து எல்லாம் முன்னால் இருப்பதோடு போகும். க.டல், கற்.க, பட்.டம், ம.ரங்.கள். மெய் இரண்டு சேர்ந்து வந்தாலும் இதே கதைதான்: பார்க்.க, வாழ்க்.கை, காய்ச்.சல். ஆங்கிலக்காரர்கள் 'எக்ஸ்ட்ரா'வை எக்.ஸ்ட்ரா என்பதா எக்ஸ்.ட்ரா என்பதா என்று மல்லுக்கட்ட வேண்டும். தமிழில் ஒரு சிலபிளின் தலையில் இரண்டு மெய் நிற்க முடியாது என்பதால் அந்தச் சண்டைக்கே வழியில்லை.

குறளை எடுத்துக்கொள்ளுங்கள். 'கற்க கசடறக் கற்பவை கற்றபின்'. புள்ளி எழுத்தையும் சேர்த்தால் 17 எழுத்து. தட்டினால் 12. அசை பிரித்தால் கற்/க, கச/டறக், கற்/பவை, கற்/றபின் என்று 8. சீர் 4. ஒரே வரிக்கு நான்கு கணக்கு, நான்கும் சரியான கணக்குதான்.

அசைக்கு வழக்கமான மனப்பாடம்: ஆழி வெள்வேல், இதில் ஆ, ழி, வெள், வேல் நான்கும் நேர். வெறி சுறா நிறம் விளாம், இது நிரை. யாப்பருங்கலக்காரிகையில் இந்த உதாரணங்களைக் கொடுத்திருக்கிறார் அமிதசாகரர். ஒரு குறிலுக்குப் பின்னால் இன்னொரு குறிலோ நெடிலோ வந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டிவிட வேண்டும். அந்தக் கட்டுதான் நிரை. அதனால்தான் 'கடல்' ஒன்று.

ஏன் கட்ட வேண்டும் என்பதுதான் உங்கள் கேள்வியின் நிஜமான பகுதி. அதை நாளை எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

ஜூன் 3

மேலே ஒருவர், 'அம்மா'வை அ-ம்மா என்றுதான் தன் பாட்டி பிரிப்பார் என்கிறார். பாட்டி தெலுங்கு படித்தவரா என்று கேட்டுப் பாருங்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் இரட்டை மெய்யை அடுத்த எழுத்தின் காலடியில் ஒத்தாக எழுதுவார்கள். கண்ணுக்கு அங்கே அ, ம்மா என்று இரண்டு எழுத்துதான். படிக்கப் பழகிய கை அப்படி வெட்டும். ஆனால் அவர்களே பாடும்போது அம்-மா என்றுதான் நிறுத்துவார்கள். வடமொழி யாப்பிலும் அப்படியே: கூட்டெழுத்துக்கு முன்னால் இருக்கும் குறில், குரு, அதாவது கனமான சிலபிள் ஆகிவிடும். அதாவது எழுதும்போது கீழே போன மெய், எண்ணும்போது முன்னால் வந்துவிடுகிறது.

தமிழில் புள்ளி இருப்பது இந்த விஷயத்தில் பெரிய சௌகரியம். எழுத்தும் காதும் அதிகம் சண்டை போடுவதில்லை.

ஜூன் 3, இரவு

தூக்கம் இன்றும் வருகிறது, ஆனால் வரி முறிப்பதைப் பற்றிக் கேட்டவருக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது என் பழைய பிழைப்பு.

நான் மெய்ப்புப் பார்க்கும் வேலையில் இருந்தவன். ஒல்லியான பத்திகளில் தமிழைக் கொட்டினால் வரி முடிவில் சொல் உடையும். தமிழ் அச்சில் இணைப்புக்கோடு கட்டாயமில்லை, கிடைத்த இடத்தில் உடைக்கலாம் என்பது வழக்கம். ஒரே ஒரு தடை: புள்ளி எழுத்து வரியின் முதலில் வரக்கூடாது. 'கற்பவ' என்று ஒரு வரி முடிந்து 'ர்கள்' என்று அடுத்த வரி தொடங்கினால் எந்த வாசகனும் முகம் சுளிப்பான். அவனுக்கு விதி தெரியாது, ஆனால் 'ர்' என்று ஒரு சிலபிளைத் தொடங்க அவன் வாய்க்கு வராது. அச்சகத்தில் புது மென்பொருள் வந்த புதிதில் இப்படிப் பக்கம் பக்கமாக 'ர்கள்'களும் 'ன்றன'க்களும் வரிசையாக நின்றன. முதலாளி "எழுத்து விழவில்லையே, அப்புறம் என்ன" என்றார். நான் சிவப்பு மையில் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஆங்கிலத்தில் இந்தப் பிரச்சினை பல மடங்கு. அறிவு என்று பொருள்படும் 'நாலெட்ஜ்' என்ற சொல்லை அமெரிக்க அகராதிகள் 'எல்'லுக்குப் பின்னால் உடைக்கும், பிரிட்டிஷ் வழக்கு 'எல்'லுக்கு முன்னால் உடைக்கும். ஒருவர் உச்சரிப்பைப் பார்க்கிறார், இன்னொருவர் சொல்லின் பிறப்பைப் பார்க்கிறார். கணினிக்கு இதைக் கற்பிக்க ஒரு முனைவர் பட்ட ஆய்வே தேவைப்பட்டது: ஸ்டான்ஃபோர்டில் டொனால்ட் கனூத்தின் மாணவர் ஃபிராங்க் லியாங், 1983. டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் இன்றும் அந்த வழியில்தான் சொற்களை உடைக்கிறது. தமிழுக்கான விதிக் கோப்பு ஆங்கிலத்தின் கோப்போடு பார்த்தால் சின்னது. புள்ளிக்கு முன்னால் உடைக்காதே என்பதுதான் அதன் சாரம்.

ஜூன் 5

சரி, 'கடல்' ஏன் ஒன்று.

யாப்பை மறந்துவிட்டு புணர்ச்சிக்கு வாருங்கள். 'இல்லை' என்பதைச் சேர்த்துப் பார்க்கலாம்.

பால் + இல்லை = பாலில்லை.
கடல் + இல்லை = கடலில்லை.
கண் + இல்லை = கண்ணில்லை.

மூன்றாவதில் மட்டும் ஏன் ஒரு ண் கூடுதலாக முளைத்தது? 'தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்' என்பது நன்னூல். நாமும் பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிட்டோம். ஆனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின்னால் உயிர் வந்தால், மெய் ஓடிப்போய் அதோடு சேர்ந்துகொள்ளும். பா.லில்.லை. பால் தன் லகரத்தை இழந்தது, ஆனால் 'பா' மிச்சம் இருக்கிறது, நெடில், தாங்கிக்கொள்ளும். க.ட.லில்.லை: 'கட' மிச்சம், இரண்டு குறில், அதுவும் தாங்கும். கண் தன் ணகரத்தைக் கொடுத்துவிட்டால்? 'க' மட்டும் மிச்சம். ஒற்றைக் குறில். அது தாங்காது. எனவே ணகரத்தை இரட்டித்து ஒன்றை இங்கேயும் ஒன்றை அங்கேயும் வைக்கிறது மொழி: கண்.ணில்.லை.

ஆக, பா = கட = கண். இந்த மூன்றும் ஒரே தகுதி. இவற்றுக்குக் கீழே இறங்கினால் தமிழ் அதைத் தனியாக நிற்கும் ஒரு சொல்லாக ஏற்றுக்கொள்வதில்லை.

இதைத் தொல்காப்பியம் நேராகவே சொல்லிவிட்டது. 'குற்றெழுத்து ஐந்தும் மொழிநிறைபு இலவே.' குறில் தனியாக ஒரு சொல்லை நிரப்பாது. நெடில் நிரப்பும்: ஆ, தீ, பூ, வா, போ. நன்னூல் ஓரெழுத்து ஒருமொழிகள் 42 என்று கணக்குக் கொடுக்கும்போது அதில் 40 நெடில், குறில் இரண்டே இரண்டு, நொ, து. இந்த இரண்டையும் என் வாழ்நாளில் யாரும் பேசிக் கேட்டதில்லை. குறுக்கெழுத்துப் போட்டி தயாரிப்பவர்களுக்கு மட்டும் இவை உயிரோடு இருக்கின்றன.

சுருக்கமாகச் சொன்னால், ஒரு சொல்லுக்குக் குறைந்தபட்சம் ஒரு நெடிலோ, குறிலும் ஒற்றுமோ, இரண்டு குறிலோ வேண்டும். நிரை என்ற கட்டு வானத்திலிருந்து விழவில்லை. தனியாக நிற்கத் தெம்பில்லாத குறில், பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அது.

ஜூன் 5, கொஞ்ச நேரம் கழித்து

இலக்கணம் படிக்காதவரும் இதைச் செய்கிறார் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். பேச்சுத் தமிழில் மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின்னால் ஒரு சின்ன 'உ' போடுகிறோம் இல்லையா:

பால், பாலு. மீன், மீனு. நாள், நாளு. கடல், கடலு.
பல், பல்லு. கல், கல்லு. மண், மண்ணு. நெல், நெல்லு.

அதே கோடு, அதே இடத்தில். ஆங்கிலச் சொல் வந்தாலும் விடுவதில்லை: கார் காரு ஆகும், பஸ் பஸ்ஸு ஆகும். ஜிம் ஜிம்மு, பென் பென்னு. 'பஸு' என்று சொல்லும் ஒரு ஆளை எனக்குக் காட்டுங்கள். எந்தப் பள்ளியில் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஜூன் 6

செல்லப்பெயர்களைப் பற்றி யோசித்துக்கொண்டு காலையில் பால் வாங்கப் போனேன், திரும்பி வந்தபோது கையில் தயிர்.

எங்கள் பக்கத்துப் பழைய செல்லப்பெயர்கள்: சுப்பிரமணியன் சுப்பு. கிருஷ்ணமூர்த்தி கிட்டு. விஸ்வநாதன் விச்சு. லட்சுமி லச்சு. வெங்கடராமன் வெங்கு. இன்னொரு பக்கம்: ராமச்சந்திரன் ராமு. சீனிவாசன் சீனு. கோபாலன் கோபு. பாலசுப்பிரமணியன் பாலு. நாராயணன் நாணு.

குறிலில் தொடங்கினால் நடுவில் இரட்டிப்பு அல்லது ஒற்று, நெடிலில் தொடங்கினால் ஒற்றைதான். சுப், கிட், விச், வெங் என்று ஒரு பக்கம், ரா, சீ, கோ, பா என்று இன்னொரு பக்கம். எல்லாம் நேற்று சொன்ன குறைந்தபட்ச அளவு. அதைக் கட்டிவிட்டுக் கடைசியில் ஒரு உகரத்தை ஒட்டுகிறோம். அந்த உகரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்திருந்தால் 'சுபு', 'விசு' என்றாலே போதுமே, இரண்டு குறில் ஆயிற்றே.

மணி, ரவி, ஹரி இருக்கின்றனவே என்று உடனே யாரோ வருவீர்கள். அவற்றில் ஒட்டிய உகரம் இல்லை. அவை முழுசாக ஒரு நிரை.

ஜூன் 6, மாலை

'விசு' என்று ஒருவர் இருந்தாரே என்று ஏழு பேர் எழுதிவிட்டீர்கள். இருந்தார், நானும் அவர் படங்களைப் பார்த்திருக்கிறேன். செல்லப்பெயர் வழக்கம் சட்டப் புத்தகம் இல்லை. ஒருவர் விசு என்று வைத்துக்கொள்ளலாம். பத்து விஸ்வநாதன்களைக் கொண்டுவந்தால் விச்சு எத்தனை, விசு எத்தனை என்று பார்ப்போம்.

'ராமுவை' என்கிறோம், 'ராமை' என்பதில்லை, எனவே உகரம் கணக்கில் உண்டு என்றவர் சொல்வதில் பொருள் இருக்கிறது. பெயராகி நிலைத்துவிட்ட பிறகு உகரம் அசையாது. பசுவின் பாலை 'பாலை' என்போம், பாலு என்ற ஆளை 'பாலுவை' என்போம். நான் சொல்வது அந்தப் பெயரை உண்டாக்கும் நேரத்தைப் பற்றி. அப்போது உகரத்தை நம்பாமல்தான் முன்பகுதி கட்டப்படுகிறது.

ஜூன் 8

இரண்டு நல்ல ஆட்சேபங்கள்.

முதலாவது: "நோட், நோட்டு. கேட், கேட்டு. சீட், சீட்டு. எல்லாம் நெடில், ஆனால் இரட்டிக்கிறது. உங்கள் விதி போயிற்று." போகவில்லை. இங்கே இரட்டிப்பது வேறு காரணத்துக்காக. தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றை வல்லினம் வந்தால் ஒலி மெலிந்துவிடும். 'நோடு' என்று எழுதினால் 'மாடு'வில் வரும் டகரம்தான் வாயில் வரும். கடினமான ட வேண்டுமென்றால் இரட்டித்தே ஆக வேண்டும். மூலச் சொல்லிலேயே ஒலி மெலிந்திருந்தால் பாருங்கள்: ரோடு. இரட்டிக்கவில்லை. அதனால்தான் செல்பேசி செயலியைச் சொல்லும்போது 'ஆப்பில்' என்று இரட்டிக்கிறோம், கடைகள் நிறைந்த மாலைச் சொல்லும்போது 'மாலில்' என்று சும்மா விட்டுவிடுகிறோம். இரண்டிலும் நெடில்தான். வல்லினம் இல்லாத எழுத்துகளில் மட்டும் சோதித்தால் பழைய கோடு தெளிவாகத் தெரியும்: மாலில், காரில், டிரெயினில். ஜிம்மில், பஸ்ஸில்.

இரண்டாவது இன்னும் கனமானது: "என் + ஐ என்னை. என் + ஆல் என்னால். சரி. ஆனால் என் + அது ஏன் எனது? உனது, தனது? எனக்கு?" கேட்டவர் சும்மா ஆள் இல்லை. இது தொல்காப்பியருக்கே தெரிந்த விதிவிலக்கு: 'ஆறன் உருபினும் நான்கன் உருபினும் கூறிய குற்றொற்று இரட்டல் இல்லை.' ஆறாம் வேற்றுமையிலும் நான்காம் வேற்றுமையிலும் இரட்டாது என்று தனியாகச் சொல்லி வைக்கிறார். மற்ற இடத்தில் இரட்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தால்தான் இப்படி ஒரு நூற்பா எழுத அவசியம் வரும். தவிர, எ.ன.து, எ.னக்.கு என்று வந்த பிறகும் முன்னால் ஒற்றைக் குறில் அநாதையாக நிற்கவில்லை, 'என', 'எனக்' என்று நிரை கட்டிக்கொண்டது. ஏன் இந்த இரண்டு வேற்றுமையில் மட்டும் என்று கேட்டால் அதற்கு வேறு ஒரு இழை தொடங்க வேண்டும்.

ஜூன் 9

குற்றியலுகரத்தை இன்னும் யாரும் இழுக்கவில்லையே என்று நானே இழுக்கிறேன்.

காசு, பத்து, வரகு. இவற்றின் கடைசி உகரம் அரை மாத்திரை. உதடு குவியாமல் சொல்கிறோம். பின்னால் உயிர் வந்தால் காணாமல் போகும்: காசில்லை, பத்தில்லை. பசு, தெரு, நடு ஆகியவற்றின் உகரம் முழுசு. பின்னால் உயிர் வந்தால் வகரத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நிற்கும்: பசுவில்லை, தெருவில்லை.

பள்ளியில் இதை ஒரு பட்டியலாகக் கொடுத்தார்கள். நெடில்தொடர், ஆய்தத்தொடர், உயிர்த்தொடர், வன்தொடர், மென்தொடர், இடைத்தொடர். ஆறு வகை, ஆறு மதிப்பெண். அந்த ஆறையும் அடுக்கி வைத்து ஒவ்வொன்றிலும் உகரத்தைப் பிய்த்து எறிந்து பாருங்கள். காசு: 'கா' மிச்சம். எஃகு: 'எஃ' மிச்சம். வரகு: 'வர' மிச்சம். பத்து: 'பத்'. பந்து: 'பந்'. சால்பு: 'சால்'. எல்லாமே தனியாக நிற்கும் அளவு. இப்போது பசுவில் எறியுங்கள். 'ப'. நிற்காது.

வேறொன்றுமில்லை. சொல் நிரம்பிய பிறகு மிஞ்சிய உகரம் மெலியலாம். சொல்லை நிரப்பிக்கொண்டிருக்கும் உகரம் மெலிய முடியாது. ஆறு வகையும் அந்த ஒரே கணக்குக்கு ஆறு முகம். இதை எனக்கு எட்டாம் வகுப்பில் ஒருவர் சொல்லியிருந்தால் பட்டியலை உருப்போட்டிருக்க வேண்டியதில்லை. என் ஆசிரியரோ வரிசை மாறினால் அரை மதிப்பெண் குறைப்பார்.

குற்றியலுகரம் வல்லினத்தின் மேல்தான் வரும், தெருவில் 'ரு' வல்லினம் இல்லையே, அதை ஏன் சேர்த்தீர்கள் என்பவருக்கு: ஆமாம், அது இரண்டு காரணத்தால் முற்றியலுகரம், அதாவது முழு உகரம். பசு, நடு, பொது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 11

வெண்பா எழுதும் நண்பர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். "கண்ணும் கடவும் ஒன்று என்றால், யாப்பில் ஒன்று நேர், ஒன்று நிரை என்று ஏன் பிரித்தார்கள்? மா முன் நிரை, விளம் முன் நேர், அதாவது நேரில் முடியும் சீரை அடுத்து நிரை, நிரையில் முடியும் சீரை அடுத்து நேர். இந்த வித்தியாசத்தில்தான் வெண்பாவே நிற்கிறது."

நியாயம். சொல்லை நிரப்பும் தகுதியில் ஒன்று, நடையில் வேறு. 'கண்' ஒரே அடியில் முடிகிறது, 'கட' உருண்டு முடிகிறது. வெண்பா அந்த உருட்டலையும் நிறுத்தத்தையும் மாற்றி மாற்றி வைக்கிறது. சொல்லின் தகுதியைக் கணக்கிடும்போது மொழி கண்டுகொள்ளாத வித்தியாசத்தைப் பாட்டு எடுத்துப் பயன்படுத்துகிறது. அது பாட்டின் உரிமை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. 'கற்க' என்பதில் வரும் கடைசி 'க'. ஒற்றைக் குறில், ஜோடி கிடைக்கவில்லை, அதையும் நேர் என்று 'கற்' இருக்கும் பெட்டியிலேயே போட்டுவிட்டார்கள். ஒரு மாத்திரை உள்ளதும், இரண்டரை மாத்திரை உள்ள 'வேல்' என்பதும் ஒரே பெயரில். மிச்சம் மீதியைப் போட வேறு பெட்டி இல்லாததால் செய்த ஏற்பாடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வெண்பா நண்பர் இதற்கு இன்னும் கோபப்படுவார்.

தொல்காப்பியத்தில் பெட்டிகள் நான்கு: நேர், நிரை, நேர்பு, நிரைபு. 'வண்டு' நேர்பு, 'வரகு' நிரைபு. அதாவது கடைசியில் வரும் உகரத்தைத் தனி அசையாக எண்ணாமல், முன்னால் இருப்பதன் வாலாகவே சேர்த்தார்கள். மேலே குற்றியலுகரத்துக்குச் சொன்னேனே, அதேதான். பின்னால் வந்தவர்கள் இந்த இரண்டையும் எடுத்துவிட்டார்கள், ஆனால் ஒரு இடத்தில் மட்டும் விட்டுவைத்தார்கள். வெண்பாவின் கடைசிச் சீர்: நாள், மலர், காசு, பிறப்பு. முதல் குறளைப் பாருங்கள், 'முதற்றே உலகு' என்று முடிகிறது. உலகு, பிறப்பு வாய்பாடு. ஓரசையில் முடிய வேண்டிய இடத்தில் உல/கு எப்படி அனுமதிக்கப்பட்டது? 'கு' என்பதைக் காது எண்ணவில்லை, அதனால்தான்.

ஜூன் 12

ஹைக்கூவில் 5-7-5 என்பது சிலபிளா என்று கேட்டவருக்கு: இல்லை, ஜப்பானியர் எண்ணுவது மாத்திரை மாதிரியான ஒன்று. நிப்போன் என்ற சொல்லை நாம் தட்டினால் இரண்டு. அவர்களுக்கு நி, ப், போ, ன் என்று நான்கு. (நாம் போ என்று நீட்டி எழுதினாலும் அவர்கள் வாயில் அது குறில்.) டோக்கியோவும் நான்கு, ஏனென்றால் இரண்டு ஓகாரமும் நெடில். தமிழில் 5-7-5 என்று எழுத்தெண்ணி ஹைக்கூ எழுதுபவர்கள் எதை எண்ணுகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

ஆனால் ஜப்பானியரைச் சும்மா விட மனமில்லை. ஹனகோ என்ற பெண்ணைச் செல்லமாக அழைக்க அவர்கள் பெயரைச் சுருக்கி 'சான்' (பச்சையில் வரும் ச) சேர்ப்பார்கள். ஹனசான் என்பார்கள், அல்லது ஹாசான், அல்லது ஹச்சான். இரண்டு குறில், ஒரு நெடில், குறிலும் ஒற்றும். நம்முடைய கட, பா, கண். 'ஹ' என்ற ஒற்றைக் குறிலோடு நிறுத்திக்கொள்வது மட்டும் கிடையாது. சுப்புவுக்கும் ராமுவுக்கும் டோக்கியோவில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 12, இரவு

இல்லை, தமிழும் ஜப்பானும் ஒரே குடும்பம் என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒற்றைக் குறில் அளவே உள்ளதைத் தனிச் சொல்லாக நிறுத்தத் தயங்கும் மொழிகள் உலகம் முழுக்க உண்டு.

ஜூன் 15

'ஸ்கூல்' ஏன் 'இஸ்கூல்' ஆகிறது, 'ப்ளேட்' ஏன் 'இப்ளேட்' ஆகாமல் 'பிளேட்' ஆகிறது? இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது.

முதல் நாள் சொன்ன தடைதான் அடிப்படை: தலையில் இரண்டு மெய் ஆகாது. அதைச் சரிசெய்ய மூன்று வழி. நடுவில் உயிரை நுழைப்பது, முன்னால் உயிரை வைப்பது, ஒன்றைத் தூக்கி எறிவது. ப்ர, க்ர, க்ள மாதிரி வந்தால் நுழைப்பு: பிரியா, கிராமம், கிளாஸ், பிளேட். ஸகரம் முன்னால் நின்றால் உயிர் அதற்கும் முன்னால் வரும்: இஸ்.கூ.லு. இப்போது ஸ் முந்தைய சிலபிளின் கடைசி ஆகிவிட்டது, பிரச்சினை தீர்ந்தது. இந்தி பேசுபவர்களும் பலர் இஸ்கூல் என்பார்கள்.

தூக்கி எறியும் வழி கிராமத்துக்குச் சொந்தம் என்று நினைப்பார்கள். 'போலீஸ் டேசன்' என்றால் சிரிப்பவர்கள், ஸ்தலத்தைத் தலம் என்றும் ஸ்தானத்தைத் தானம் என்றும் எழுதிய புலவர்களைப் பார்த்துச் சிரிப்பதில்லை. இரண்டும் அதே வேலை. ஒன்று பக்தி இலக்கியம், இன்னொன்று காவல் நிலையம்.

சிலபிளின் பின்பக்கத்திலும் இந்தச் சுத்தம் நடக்கிறது. ய், ர், ழ் மூன்றுக்குப் பின்னால் மட்டும் இன்னொரு ஒற்று வரலாம் என்று எழுத்துத் தமிழ் அனுமதிக்கிறது. பேச்சு அதையும் விடுவதில்லை: பார்க்க, பாக்க. சேர்த்து, சேத்து. காய்ச்சல், காச்சல். நெடிலே கனம், அதன் மேல் இரண்டு ஒற்று எதற்கு என்று நாக்கு ஒன்றை இறக்கி வைத்துவிடுகிறது. 'பாக்க' என்று பேசுவது சோம்பல் என்று கண்டித்த ஒரு வானொலி அறிவிப்பாளரை எனக்குத் தெரியும். வீட்டில் அவரும் பாக்கத்தான் செய்வார்.

ஜூன் 19

அசை பிரிக்க நிரல் எழுதுகிறேன், எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். எல்லோருக்கும் உபயோகப்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

புள்ளி எழுத்துகளை முதலில் முன்னெழுத்தோடு ஒட்டிவிடுங்கள். பிறகு இடமிருந்து வலமாக: நெடில் வந்தால் நேர். குறிலோடு ஒற்று வந்தால் நேர். ஒற்றில்லாக் குறில் வந்தால் அடுத்ததையும் சேர்த்து நிரை, அடுத்தது இல்லையென்றால் நேர். முக்கால்வாசி வேலை அவ்வளவுதான். 'ஐ' சொல்லின் முதலில் நெடில், நடுவிலும் கடைசியிலும் குறுகும். தலை/வன் என்று வரும், தடுமாறாதீர்கள். ஒருங்குறியில் 'கொ' மாதிரி எழுத்துகள் சில இடங்களில் இரண்டு குறியாக உடைந்து கிடக்கும், முதலிலேயே சேர்த்துவிடுங்கள். ஸ்ரீயை எப்படி வைத்துக்கொள்வது என்பது உங்கள் இஷ்டம்.

உரையைச் சுத்தம் செய்யும் படியில் மட்டும் ஜாக்கிரதை. இரண்டாவது குறளில் 'நற்றாள் தொழாஅர் எனின்' என்று வருகிறது. நீங்கள் பயன்படுத்தும் எழுத்துத் திருத்தி அந்த 'அ' தட்டச்சுப் பிழை என்று நினைத்து 'தொழார்' ஆக்கிவிடும். தொழார் ஒரே நிரை. தொழா/அர் என்றால்தான் நிரை நேர், புளிமா. அளபெடையை நீக்கிவிட்டு, திருவள்ளுவர் வெண்பாவில் தளை (சீருக்கும் சீருக்கும் உள்ள கட்டு) தட்டுகிறது என்று அறிக்கை கொடுக்கும் நிரல் ஒன்றை ஏற்கெனவே பார்த்துவிட்டேன், இன்னொன்று வேண்டாம்.